பெலிசியா எடுத்த கொள்ளிடம்

கடலூர் செம்மண்டலத்தில் மரிய அருள் வைத்திருக்கும் ஸ்டுடியோவில் பாதிக்கு மேல் படம் எடுப்பது அவர் பொண்டாட்டி பெலிசியாதான். கல்யாணம், புதுநன்மை, காதுகுத்து என்று பதினாறு வருஷமாக ஓடுகிறாள். ஆனால் பாருங்கள் கண்ணுகளா, எந்த ஆல்பத்தைப் புரட்டினாலும் கடைசிப் பக்கத்தில் இருப்பது அவர் பேர்தான். ஒரே ஒரு படமாவது தன் பேரில் சுவரில் தொங்கணும் என்று அவளுக்கு ஆசை.

சிதம்பரத்தில் ஒரு புகைப்படச் சங்கம் கண்காட்சி வைத்தது. தலைப்பு, ஓடும் தண்ணீர். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த வாரம் அது. பெலிசியா குமராட்சிப் பக்கம் போய் ஒரு படம் எடுத்து, சங்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். தேர்வு செய்கிற சுப்புராயன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“ஏம்மா, நீ கல்யாண வீடு எடுக்கிறவளா?”

“ஆமா சார். எப்படித் தெரியும்?”

“இந்தாண்ட ஒரு பனை, அந்தாண்ட ஒரு பனை, நட்டநடுவுல ஆறு. மேடையில நிக்க வெச்ச மாதிரி. தண்ணி ஓடலம்மா, போஸ் கொடுக்குது.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. வேற எடுத்தா கொண்டா” என்றார்.

மறுநாள் விடிந்ததும் மரிய அருளைக் கிளப்பி, வண்டியில் மறுபடி கொள்ளிடக்கரைக்கு வந்துவிட்டாள்.

“வர்ற வழியில தண்ணிக்கு ஒரு மாலை வாங்கியாந்திருக்கலாம்” என்றார் அவர்.

“வாயை மூடிக்கிட்டுச் சும்மா உக்காருங்க.”

கேமராவை அவள் வெளியே எடுக்கவே இல்லை. ஒரு கொத்து ஆகாயத்தாமரை வலது பக்கமிருந்து மிதந்து வந்தது. கரையோரப் பாறையில் இடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, இடது பக்கமாக விடுபட்டுப் போனது. இன்னொன்றும் அதே மாதிரி. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோயிலிலிருந்து கல்யாணப் பொண்ணு நடந்து வரும்போது அவள் மூக்குக்கு முன்னால் இடம் விடாமல் எடுத்தால், சுவரில் முட்டப்போகிற மாதிரி இருக்கும். கல்யாணத்துக்குக் கல்யாணம் அவளே பார்த்துப் பார்த்து விடுகிற இடம். இந்தத் தண்ணீரும் நடக்கிறதுதானே? எங்கே இருக்கிறது என்று பார்த்தோமே ஒழிய, எங்கே போகிறது என்று பார்க்கவில்லையே!

சேற்றில் முட்டி போட்டுக் கேமராவை ஸ்டாண்டில் தாழ இறக்கினாள். பாறையை வலது மூலைக்குத் தள்ளினாள். இடது பக்கம் முழுக்கத் தண்ணீருக்கு விட்டாள். லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடியை மாட்டி, ஷட்டரை ஒரு விநாடி திறந்து வைத்தாள். பாறையைச் சுற்றி வந்த தண்ணீர் படத்தில் பட்டு நூல் இழுத்த மாதிரி விழுந்தது.

மரிய அருள் எட்டிப் பார்த்தார். “இந்தப் பக்கம் காலியா கெடக்குதே, பெலிசி?”

“காலி இல்லீங்க. அது போற வழி.”

அவர் திரும்ப ஒருமுறை பார்த்தார்.

வெள்ளிக்கிழமை சுப்புராயன் படத்தை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். “பிரமாதம்மா. ஆனா எங்க ஃபிரேம் எல்லாம் ஒரே அளவு. இடது பக்கம் ஒரு சாண் வெட்டிட்டா சரியா உக்காந்துடும்.”

தலையாட்டினால் போதும், ஆசைப்பட்டது நடந்துவிடும். பெலிசியா படத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள்.

“வெட்டணும்னா வேணாம் சார். எடுத்துக்கிட்டுப் போறேன்.”

சுப்புராயன் படத்தின் மேல் விரலை வைத்தார். பாறையிலிருந்து தண்ணீரோடு விரல் மெல்ல நகர்ந்து இடது ஓரம் வரைக்கும் வந்து, படத்தைத் தாண்டியும் கொஞ்சம் போய்த்தான் நின்றது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“ஃபிரேம் கெடக்குது போ. இதை அப்படியே பலகையில ஒட்டி நடுச்சுவர்ல மாட்டுங்கப்பா” என்றார்.

படத்துக்குக் கீழே ஒட்டுகிற சீட்டு எழுத உட்கார்ந்திருந்த இலக்கியா என்கிற பொண்ணு பேனாவோடு நிமிர்ந்தாள். “ஸ்டுடியோ பேர் சொல்லுங்கக்கா.”

பெலிசியா பதில் சொல்லுமுன், கூட வந்திருந்த மரிய அருள் முந்திக்கொண்டார்.

“ஸ்டுடியோ எதுக்கும்மா? எடுத்தவங்க பேரைக் கேட்டு எழுது.”

“இப்படிக் கொடு கண்ணு” என்று பேனாவை வாங்கி, கொட்டை எழுத்தில் பெலிசியாவே எழுதினாள்.