ஏலே பேச்சி

பேச்சிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது நடந்த வருடம், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இருபத்திரண்டு வயதுப் பேச்சிமுத்து வருசநாட்டு பஸ்ஸில் வந்து கடமலைக்குண்டில் இறங்கினான். வெயில் வழக்கம்போல இருந்தது. தக்காளி விலை இறங்கியிருந்தது. அவன் உடம்பில் சாயம் போன பழைய பனியன், காலில் ஒன்றுமில்லை, வாயில் முந்தின இரவின் சாராய வாடை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அனுசுயா பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டாள். தினமும் அவள் கடையில் டீ குடிக்கும் இலவம்பஞ்சு வியாபாரி பேச்சிமுத்துவின் மூக்குதான் அது. "ஃபுட்பால் ஃபைனல் ஆரம்பிக்கப் போகுது, வெரசாப் போ," என்றாள். அவன் மைதானத்துக்குப் போனான்.

அவன் வந்தது ஊருக்கு வசதியாகத்தான் இருந்தது. பேச்சிமுத்து பெரிய ஆட்டக்காரரா, திலீபனா என்ற சண்டை அப்போது டீக்கடையில் ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. பேச்சிமுத்து ஆடிய காலத்தில் தோல் பந்து. மழையில் நனைந்தால் பூசணிக்காய் கனம். அதை வெறுங்காலால் வளைத்து அடிப்பார், கோல்கீப்பர் கையெடுத்துக் கும்பிடுவான். மாநில அணித் தேர்வுக்குப் புறப்பட்டவர், குடித்துவிட்டு மதுரை பஸ் நிலையத்திலேயே தூங்கிப்போனார். ஆட்டம் அத்தோடு முடிந்து பஞ்சு வியாபாரம் ஆரம்பித்தது.

திலீபனுக்கும் இருபத்திரண்டுதான். தேனியில் ஒரு கடையில் செல்போன்களின் உடைந்த டிஸ்பிளேக்களை மாற்றிக்கொண்டிருந்தான். குடிப்பதில்லை. அவன் கோளாறு வேறு. மூன்று பேரை ஏமாற்றிப் பந்தைக் கொண்டுபோவான். ஓரத்திலிருந்து யாராவது "என்ன இருந்தாலும் பேச்சிமுத்து ஆட்டம் மாதிரி வருமா" என்றால் போதும், பந்தை அங்கேயே விட்டுவிட்டு மைதானத்தைவிட்டு வெளியே நடந்துவிடுவான். அணியைக் கவனித்துக்கொள்ளும் பி.டி. வாத்தியார் சுரேஷ்கண்ணன் பொறுத்துப் பார்த்தார். ஃபைனல் அன்று காலையில் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னைக்கு நடுவுல நடந்தேன்னு வையி, அப்படியே தேனிக்கு நடந்துரு. இந்தப் பனியன் இனிமே உனக்குக் கிடையாது." திலீபன் பனியனை மாட்டிக்கொண்டான். அந்தப் பனியனைக் கழற்றிவிட்டால் உடைந்த கண்ணாடிகளைத் தவிரத் தனக்கு எதுவும் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

பஸ்ஸில் வந்தவனை அணியில் சேர்த்ததும் எதிரணியான போடிக்காரர்கள் ஆட்சேபணை எழுப்பினார்கள். ஆதார்படி இந்த ஆளுக்கு ஐம்பத்தெட்டு வயது என்றார்கள். கிழவரை இறக்கினால் உங்களுக்குத்தானே லாபம் என்று ரெஃப்ரி கேட்டதும் அடங்கிவிட்டார்கள். பெரிய பேச்சிமுத்து தலையில் பஞ்சுத் தூசியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சின்னவனை மேலும் கீழும் பார்த்தார்.

"குடிச்சிருக்கியா?"

"லேசா."

"வாயக் கொப்புளிச்சிட்டு எறங்கு."

ஆட்டத்தில் வந்த சிக்கலை யாரும் எதிர்பார்க்கவில்லை. திலீபன் பிறந்ததிலிருந்து பேச்சிமுத்துவைப் பெரியப்பா என்று கூப்பிட்டுப் பழகியவன். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவனுக்கு நாக்கு வரவில்லை. "ஏலே, போடு!" என்று சின்னவன் கத்தினால், "இந்தாப் போடுறேன் பெரியப்பா" என்று இவன் சொல்லி முடிப்பதற்குள் பந்தைப் போடிக்காரன் கொண்டுபோயிருப்பான். "பெரியப்பா, கொஞ்சம் இங்கன குடுக்கிறீகளா" என்று கேட்பதற்குள் ஒரு கோல் விழுந்தது. மரியாதை முடிவதற்குள் இன்னொன்றும் விழுந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

இடைவேளைக்குப் பிறகு ஓரத்திலிருந்து ஒருவர் கத்தினார்: "பக்கத்துல நிறுத்திப் பாத்தாச்சுப்பா! பேச்சிக்கு முன்னால இவன் வாழமட்ட!" திலீபன் பந்தை விட்டான். நடந்தான். சுண்ணாம்புக் கோட்டுக்கு ஓரடி இருக்கும்போது சின்னவன் பந்தைக் காலில் வைத்துக்கொண்டே பின்னால் வந்தான்.

"எங்கலே போற?"

"வீட்டுக்கு, பெரியப்பா."

"நானும் பாதி ஆட்டத்துல போறவந்தான். ஆனா நான் சாராயம் குடிக்கப் போவேன். நீ சும்மா போறியேடா, கிறுக்குப்பயலே."

பந்தைத் திலீபனின் காலுக்கு முன்னால் உருட்டிக் காட்டிவிட்டு ஓடினான். அத்தனை வருடத்து ஆத்திரமும் திலீபனின் தொண்டைக்கு ஒன்றாக வந்தது. திரும்பி நின்று கத்தினான்: "ஏலே பேச்சி! பந்தக் குடுடா இங்கன!"

எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள். பெரியவர் சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த பஞ்சு பறந்தது. "இப்பத்தான்டா ஒழுங்காக் கேக்குற," என்றார்.

பந்து வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் போடிக்காரர்களே மறுப்பதில்லை. சின்னவன் காலில் இருக்கும்போது பந்து தோலாகிக் கனத்தது, திலீபன் காலுக்கு வந்ததும் லேசாகிப் பளபளத்தது. இரண்டு காலத்துப் பந்தையும் ஒரே காலால் தடுக்க யாருக்கும் பழக்கமில்லை. மூன்று கோல். கடைசிக் கோலை யார் அடித்தது என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. யார் பெரிய ஆட்டக்காரன் என்று பார்க்கத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள், பார்க்க மறந்துவிட்டார்கள். அனுசுயா கடையில் அந்தச் சண்டை நின்றுபோனதால் டீ விற்பனை கொஞ்சம் குறைந்தது.

சின்னவன் சாயங்கால பஸ்ஸில் தன் காலத்துக்குத் திரும்பினான். அடுத்த ஞாயிறும் வந்தான். பிறகு எல்லா ஞாயிறும் வந்தான். ஆடி மாதத்துக்குப் பிறகு வாயில் வாடை இல்லை. திலீபன் கேப்டன் ஆனான்.

பெரியவரின் மனைவி கஸ்தூரி கம்பத்துக்காரி. இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மார்கழியில் ஒருநாள் பஸ் ஏறப்போன சின்னவனைப் பெரியவர் நிறுத்தினார். திலீபனும் கூட நின்றான்.

"தையில, உன் காலத்துல, கம்பத்துல ஒரு கல்யாணத்துக்குக் கூப்புடுவாக. ஞாயித்துக்கெழம. ஆட்டம் இருக்குன்னு சொல்லித் தட்டிராத."

"யாரு கல்யாணம்?"

"யாருதா இருந்தா என்ன? பந்தியில ரசம் ஊத்துற பொண்ணு உன்னைய வைவா. எதுத்துப் பேசாம வாங்கிக்க."

தை மாதம் உத்தமபாளையத்தோடு ஆட்டம். ரெஃப்ரி ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, பதினோராவது ஆள் எங்கே என்று கேட்டார். பேச்சி இல்லாமல் இவன் என்னத்தைக் கிழிப்பான் என்று ஓரத்தில் யாரோ சொன்னது திலீபனுக்கு நன்றாகவே கேட்டது. பெஞ்சில் பெரியவர் புதுச்சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கம்பத்துல கல்யாணம் சார், வர மாட்டான்," என்றான் திலீபன். "நாங்க பத்துப் பேரா ஆடிக்கிறோம். நீங்க விசில ஊதுங்க."