முப்பத்தேழாவது சுற்று

ஆய்வகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுவிட்டுப் போனதிலிருந்து லேத் மிஸ்திரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்து வருஷமாக எட்டிப் பார்க்காதவர்கள் திடீரென்று "வாங்க, உங்க திருகைப் பாக்கணும்" என்றால், குசலம் விசாரிக்கவா கூப்பிடுவார்கள்?

"சம்மன் வந்தவர் மாதிரி எதுக்கு முழிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"தலைக்கு மேல வேலை இருக்கு. தொணதொணக்காத."

"தலைக்கு மேல முடியே இல்ல, வேலை எங்க இருந்து வந்துச்சு?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

விஷயம் இதுதான். ஆய்வகத்தில் வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தகடுகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. ஒவ்வொரு தகட்டிலும் நட்சத்திரங்கள் மிளகுப் பொடி தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகளாக விழுந்திருக்கும். எந்தப் புள்ளி எங்கே இருக்கிறது, போன வருஷத்துக்கு இந்த வருஷம் எவ்வளவு நகர்ந்தது என்று அளப்பதற்கு ஓர் இயந்திரம். அதன் உயிர் ஒரு நீளத் திருகு. ஒரு சுற்றுச் சுற்றினால் தகடு ஒரு மில்லிமீட்டர் நகரும். திருகின் தலைச் சக்கரத்தில் ஆயிரம் கோடுகள்; ஒரு கோடு என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மொத்தம் அறுபது சுற்று. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் திருகை வெட்டிக் கொடுத்தவர் இந்த மிஸ்திரி.

வெட்டிய அன்றைக்கு முப்பத்தேழாவது சுற்றில் லேத்தின் பல்லிடுக்கில் ஓர் இரும்புச் சீவல் மாட்டி, இயந்திரம் ஒரு குலுக்குக் குலுக்கியது. அதற்கு முன்பே இரண்டு கம்பிகளைப் பாழாக்கியிருந்தார். மூன்றாவதும் போனது என்று சொல்ல வாய் வரவில்லை. தேய்த்து மெருகேற்றி, "பழுதில்லை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாத கோணல். ஆனால் அவருக்குத் தெரியும். கட்டினவளிடம்கூடச் சொன்னதில்லை.

அளவு அறையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் புதிதாக வந்த அதிகாரி, சட்டையில் மடிப்புக் கலையாத ஆள். இன்னொருத்தி தகடுகளை அளக்கிற அம்மா. காதோரம் நரைத்துவிட்டது. திருகு வந்த வாரத்திலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவள்.

"பெரியவரே, ஒரு நட்சத்திரம் நேர்கோட்டுல போகணும்" என்று அதிகாரி ஆரம்பித்தார். "இவங்க அளவுல அது பாம்பு மாதிரி நெளியுது. மில்லிமீட்டர்ல ஆயிரத்துல மூணு பங்கு இந்தப் பக்கம், மூணு பங்கு அந்தப் பக்கம். நட்சத்திரம் ஆடல, திருகு தேஞ்சு போச்சு. கழட்டிடுங்க. அறிக்கையில திருகுல பழுதுன்னு எழுதிடறேன்."

மூணு பங்கு என்றதும் மிஸ்திரிக்கு அந்த முப்பத்தேழாவது சுற்றுதான் ஞாபகம் வந்தது.

"பழுதுன்னு எழுதினா, இதே திருகுல அளந்த என் இருபத்திரண்டு வருஷ நோட்டும் குப்பைக்குப் போகும் சார்" என்றாள் அந்த அம்மா. "முதல்ல சோதிக்கலாம். ஆனா ரெண்டு பேரும் வெளிய போங்க."

"எதுக்கு?" என்றார் மிஸ்திரி வெடுக்கென்று.

"மூணு பேர் மூச்சு விட்டா அந்தச் சூட்டுல திருகு நீளும் அண்ணே. நான் ஒருத்தி எப்பவும் இருக்கேன், என் சூடு அதுக்குப் பழகிப்போச்சு."

இருவரும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சூடாம், நீளுமாம்! உள்ளே தனியாக உட்கார்ந்து தனக்குத் தோதாக எழுதிக்கொள்ளப் போகிறாள் என்று மிஸ்திரி நினைத்தார். படித்தவர்கள் தப்பு செய்தால் பழி எப்போதும் கருவி செய்தவன் தலையில்தான் விடியும். எழுந்து போய்க் கதவின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தார்.

அவள் துல்லியமாகக் கோடு போட்ட கண்ணாடி அளவுகோலைத் தகடு இருக்கும் இடத்தில் வைத்து, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒவ்வொரு சுற்றாக அளந்து எழுதினாள். அறுபதும் முடிந்ததும் அளவுகோலைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பி வைத்து, மறுபடி முதலிலிருந்து அளந்தாள்.

"ஏன் ரெண்டு தடவை?" என்று அதிகாரியைக் கேட்டார்.

"மனுஷக் கண்ணு ஒரு பக்கமா சாயும். திருப்பி வச்சா எதிர்ப் பக்கம் சாயும். ரெண்டையும் கூட்டிப் பாதி எடுத்தா சாய்வு போயிடும்."

தன் கண்ணையே நம்பாத ஒருத்தி! மிஸ்திரி வாழ்நாளெல்லாம் ஊரில் ஒருவரையும் நம்பியதில்லை. ஆனால் தன் கண்ணை நம்பினார். இவள் தன்னையும் தாண்டிய ஆள் என்று முதல் தடவையாக ஒரு மரியாதை வந்தது.

மத்தியானம் கதவு திறந்தது. அவள் ஒரு பழுப்பேறிய நோட்டைப் புதுத் தாளுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"முதல் வாரம் எழுதினது இது. இன்னைக்கு எழுதினது அது. முப்பத்தேழைப் பாருங்க."

பழைய நோட்டில் முப்பத்தேழுக்கு நேரே: மூன்று கோடு கூடுதல். புதுத் தாளிலும் மூன்று.

மிஸ்திரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கு... அப்பவே தெரியுமா?"

"தெரியாமயா? அந்தச் சுத்துல வர்ற புள்ளிக்கெல்லாம் மூணு கழிச்சுத்தான் எழுதறேன்."

"சீவல் மாட்டிக்கிச்சும்மா. மறைச்சுட்டேன்."

"கோணல் இல்லாத திருகு உலகத்துலயே கிடையாது அண்ணே. நல்ல திருகோட கோணல் இடம் மாறாது, அளவும் மாறாது. உங்களுது இருபத்திரண்டு வருஷமா ஒரு மயிரிழை மாறல. அதனாலதான் நட்சத்திரம் ஆடுதுன்னு என்னால தைரியமா சொல்ல முடியுது."

அதிகாரி அறுபது எண்களையும் விரல் வைத்து ஒப்பிட்டார். இரண்டு தடவை. பிறகு முகம் மாறியது. "அப்போ அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்துல கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு இருந்துகிட்டு, அதைப் பிடிச்சு இழுக்குது."

"அதைத்தான் நானும் மூணு மாசமா சொல்றேன்" என்றாள்.

மிஸ்திரிக்கு நன்றி சொல்லத் தெரியாது. அந்த வித்தையை யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. மூடியைக் கழற்றி, திருகைத் துணியால் ஒற்றி, முப்பத்தேழாவது மரைச் சுற்றில் கட்டைவிரலை ஒரு நிமிஷம் வைத்திருந்தார். "விரல் சூடு ஆகாது அண்ணே" என்று அவள் சொன்ன பிறகுதான் எடுத்தார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடினார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "நல்லா இரும்மா" என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினார். அவள் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

"இதையா இத்தனை வருஷம் என்கிட்ட மறைச்சீங்க? உங்க கோணலுக்கெல்லாம் நானும் ஒரு பட்டியல் வச்சிருக்கேன். கல்யாணமான முதல் வாரமே போட்டாச்சு. கழிச்சுக் கழிச்சுத்தான் குடித்தனம் ஓடுது."

"மாறலையா?"

"எங்க மாறுச்சு!"

அன்றைக்குச் சாப்பிட்ட தட்டை மிஸ்திரி தானே கழுவி வைத்தார். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் இன்னொரு தடவை கழுவினாள்.