கொன்ஸ்ரன்ஸ் சிஸ்டரின் இடுப்பளவு

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கொட்டாஞ்சேனையில் நான் சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, மருந்தெடுக்கும் கிளினிக்கில், தாதி கொன்ஸ்ரன்ஸ் சிஸ்டர் என் பையிலிருந்த மஸ்கட் அல்வாப் பெட்டியைப் பறித்துக்கொண்டார். “மாஸ்டர், உங்களுக்கு இது நஞ்சு” என்றார். (நான் ஓய்வுபெற்ற வாத்தியார்.) கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், உள்ளறையில் அதே மஸ்கட்டைப் பிளேன்ரீயோடு தின்றுகொண்டிருக்கிறார்! நோயாளிகளிடம் பறிப்பதெல்லாம் தாதிமாரின் மேசைக்குப் போவது அங்கே வழக்கமாம். விடுவேனா? வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறும்போதே முதல் வரி வந்துவிட்டது.

(அடிக்குறிப்பு: பெட்டியில் பன்னிரண்டு துண்டுகள். பறிபோகுமுன் நானே நாலைத் தின்றிருந்தேன். இதைக் கதையில் சேர்க்க விருப்பமில்லை.)

2

முதல் வரி: “பருத்த தாதி ஒருத்தி...” வெட்டிவிட்டேன். என் தொந்தி மேசையில் இடிக்க, இதை எழுத எனக்கென்ன அருகதை?

இரண்டாவது: “அன்று அவருடைய கால்கள் மரத்துப்போயிருந்தன, ஏனென்றால்”

மஸ்கட் தின்றபடி அவர் காலைத் தேய்த்துக்கொண்டிருந்ததைக் கண்டிருந்தேன்; ஏனென்று தெரியவில்லை. அவரையே கேட்க வேண்டியதாயிற்று.

3

அடுத்த மாதம் கேட்டேன். என் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றியபடியே சொன்னார். இருபத்தெட்டு வருட வேலை, மாறி மாறி வரும் ஷிப்ட், நேரம் கிடைத்தபோது கடையில் வாங்கித் தின்ற ரோல்ஸ், பணிஸ். போன கிழமை ஒரு செருப்பு கழன்றதே தெரியாமல் அறை முழுக்க நடந்தாராம். அவருடைய அம்மா றோஸிக்கும் சீனி வருத்தம் இப்படித்தான் தொடங்கியது, கடைசியில் காலை வெட்டி எடுத்தார்களாம்.

ஊழியர்களுக்கென்று வருடாந்தப் பரிசோதனைக் கார்டு ஒன்று உண்டு. மூன்று வருடமாக அதைச் சிஸ்டரே நிரப்புகிறார்: இடுப்பு முப்பத்திரண்டு, பிரஷர் நூற்றிருபதுக்கு எண்பது.

அளந்தீர்களா என்று கேட்டேன்.

“நான் அளக்கிற ஆள் எல்லோ, மாஸ்டர்” என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை.

4

முடிவு (அ): சிஸ்டர் வேலைநேரத்தில் சரிந்து விழுகிறார். அழகாக எழுதி, கொண்டுபோய் அவருக்கே வாசித்துக் காட்டினேன்.

“என்னைச் சாகடிச்சா உங்கட கதை முடிஞ்சிடும். எனக்கு நாளைக்கும் டியூட்டி” என்றார்.

முடிவு (ஆ): தினமும் காலிமுகத்திடல் கடற்கரையில் நடந்து கொடியிடையாளாகிறார். சீச்சீ, இது கிளினிக் சுவரில் ஒட்டுகிற போஸ்டர்.

5

முடிவு (இ) இன்று காலை, நான் மருந்துக்கு நிற்கும்போது தானாக வந்தது. சிஸ்டர் தன் கார்டில் இந்த வருட இடுப்பளவை “முப்ப” வரை எழுதியிருந்தார். மருந்து கொடுக்கும் ஜவாஹிறா பேனையைப் பிடுங்கிக்கொண்டு டேப்பை எடுத்தார்.

“கைய தூக்குங்க சிஸ்டர்.”

தூக்கினார். ஆனால் வயிற்றை எக்கிக்கொண்டார். அந்தக் கள்ளத்தனத்துக்காக எங்கள் எல்லோரையும் ஏசியவர்!

“மூச்ச இழுக்காதீங்க” என்றார் ஜவாஹிறா மெல்ல.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு மூச்சை விட்டார். டேப் இளகி நீண்டது. அவர் விரலையும் நீட்டினார்.

“சீனியையும் பார், பிள்ளை. கால் இருக்கேக்கயே தெரியட்டும்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. டேப்பில் எத்தனை என்று நான் பார்க்கவில்லை. எழுத்தாளன்தானே, ஒரு எண்ணைப் போட எவ்வளவு நேரம்? ஆனால் அந்தக் கார்டில் ஏற்கெனவே மூன்று வருடம் அளக்காமல் எழுதிய எண்கள் இருக்கின்றன. நாலாவதை நான் எழுதமாட்டேன்.

இடுப்பளவு: ______

நீங்கள் நிரப்புங்கள். முதலில் டேப்பை உங்கள் இடுப்பில் சுற்றிவிட்டு. மூச்சை இழுக்காமல்.