மேற்கே போன முந்நூறு பேர்

2010ஆம் ஆண்டு வைகாசியில், நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்து, கடலூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஐஸ் கம்பெனியில் அமோனியா கசிந்தது. வட்டாட்சியர் மலர்க்கொடியின் பட்டியலில் அறிவியல் ஆலோசகராக இருந்த பேராசிரியரோ சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். "நம்ம லேப் அசிஸ்டென்ட் லூர்து பிரகாஷ அனுப்பறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பிரகாஷ் பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கும் ரகம்.

"சனங்கள எந்தப் பக்கம் அனுப்பறது? ஒரே வார்த்தையில சொல்லுங்க தம்பி" என்றார் மலர்க்கொடி.

காற்றின் திசை பார்க்க அவன் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தினான். புகை கிழக்கே, கடலைப் பார்த்துப் போனது.

"மேற்கு, மேடம். ஆனா..."

"ஆனாவெல்லாம் வேணாம். எழுதிக் குடுங்க."

'மேற்குப் பக்கம் பாதுகாப்பானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

மேற்கே இருந்த ஒரே பெரிய கட்டடம் கல்யாண மண்டபம். கைலியும் நைட்டியுமாக ஐஸ் கம்பெனித் தெருக்காரர்கள் முந்நூறு பேர் உள்ளே நுழைந்தார்கள். பெண்ணின் அப்பா ராமாமிர்தம் அவர்களை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்தார். மாப்பிள்ளை வீட்டாரோ அவர்களைப் பெண் வீட்டார் என்று நினைத்தார்கள். இரண்டு தரப்பும் போட்டி போட்டுக்கொண்டு பன்னீர் தெளித்து, முதல் பந்தியில் உட்கார வைத்தன.

பதினொரு மணிக்குப் பிரகாஷ் கடிகாரத்தைப் பார்த்தான். உச்சிவேளையில் கடற்காற்று ஏறும். கடலூரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. ஏறினால் அமோனியா நேரே மண்டபத்துக்குத்தான் போகும். வால்வை அடைக்க இன்னும் இரண்டு மணி நேரமாகும் என்று தீயணைப்புக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

"மேடம், காத்து திரும்பப் போவுது. மண்டபத்தக் காலி பண்ணணும். தெற்க இருக்கற பள்ளிக்கூடத்துக்கு."

"காலைல கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான். நேரம் போடாம உட்டுட்டேன்."

மலர்க்கொடி அவனை எரித்துவிடுவது போலப் பார்த்தார். ஆனால் ஜீப்பில் ஏறினார்.

மண்டபத்தில் மைக்கைப் பிடித்து அறிவித்தும் ஒருவரும் அசையவில்லை. "எலைய உட்டு எழுந்தா கல்யாணக்காரங்க மனசு நோவாதா?" என்று கேட்ட தெருக்காரி செல்லாயி, சோற்றில் சாம்பாருக்குக் குழி வெட்டினாள்.

ராமாமிர்தம் பாய்ந்து வந்தார். "சம்பந்தி வீட்டு ஆளுங்கள பாதி சாப்பாட்டுல எழுப்பறீங்களே!"

"எங்க ஆளுங்களா?" என்றார் சம்பந்தி. "ஒங்க ஆளுங்கன்னு இல்ல நெனச்சோம்!"

இருவரும் முதல் தடவையாகப் பந்தியை உற்றுப் பார்த்தார்கள்.

மலர்க்கொடி பிரகாஷ் பக்கம் திரும்பினார். "ஒங்க சயின்ஸ் இதுக்கு என்னா சொல்லுது?"

"பாயசம் இன்னும் போடல மேடம்."

"அதுக்கு?"

"அண்டாவ மொதல்ல அனுப்பிட்டா..."

நகராட்சி டிராக்டரில் அண்டா ஏறியது. இலைகள் மளமளவென்று மடிந்தன. முந்நூறு பேரும் டிராக்டருக்குப் பின்னால் நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கல்யாணக் கூட்டம். கடைசியில் மாலையோடு பொண்ணும் மாப்பிள்ளையும்.

மணி பன்னிரண்டு. காற்று மாறவில்லை. பன்னிரண்டு பத்து. பிரகாஷின் ஊதுபத்திப் புகை இன்னும் கடலைப் பார்த்தே போனது. "கல்யாணத்தக் கெடுத்தவரு இவருதானா?" என்று ராமாமிர்தம் ஊருக்கே கேட்கும்படி விசாரித்தார். பிரகாஷ் தன் படிப்பு, பிறப்பு எல்லாவற்றையும் சந்தேகித்தான்.

பன்னிரண்டு பதினேழுக்குப் புகை தயங்கி, நிமிர்ந்து, மேற்கே சாய்ந்தது. மண்டபத்துக்குக் காவல் வைத்திருந்த இரண்டு போலீஸ்காரர்கள் மூக்கில் கைக்குட்டையோடு, கண்ணீர் வழிய ஓடி வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு தும்மல்கூட இல்லை.

"ரெண்டாவது ரிப்போர்ட் எழுதுங்க தம்பி, நேரம் போட்டு" என்றார் மலர்க்கொடி.

பிரகாஷ் எழுதினான். பாயசத்தை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் பேனா நின்றது. மலர்க்கொடி தாளை வாங்கி, தாமே முடித்தார்: 'பொதுமக்கள் முழு மனதுடன் ஒத்துழைத்தனர்.'