எல்லைக் கோட்டில் கலகலா

இருதயசாமிக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் வேலை. ஆனால் கேன்டீனில் அவருக்கு இருந்த மரியாதை கிரிக்கெட்டால் வந்தது. ரேடியோவில் கேட்டதையும் டிவியில் பார்த்ததையும் வைத்து, எவனை அணியில் சேர்க்கலாம், எவனை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டீ ஆறுவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவார். இப்படிப் பதினைந்து வருடம் தீர்ப்புச் சொன்ன மனிதர் ஒரு பெரிய ஆட்டத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை என்பது மனைவி மேரிசெல்விக்கு மட்டும் தெரியும். அதை அவள் வெளியில் சொல்லாததற்குக் கற்புக்கரசித்தனம் காரணமல்ல. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரி மாதம், தமிழ்நாடும் கோவாவும் மோதும் ரஞ்சி ஆட்டம் சுரங்க நகரியத்து ஸ்டேடியத்திலேயே நடக்கும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நுழைவு இலவசம். இருதயசாமி அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தார்.

"குடும்பத்தோட போறோம்," என்றார் வீட்டில்.

"எனக்கு என்னாங்க அங்க வேலை? துணி ஊறிகினு கெடக்குது," என்றாள் மேரிசெல்வி.

"ஊறட்டும். நான் பக்கத்துல இருந்து ஆட்டத்த ஒவ்வொண்ணா வெளக்குறேன்."

பதினொன்றாம் வகுப்புப் படித்த மகள் நான்சிக்கு அந்த உறுதிமொழியே போதுமானதாக இருந்தது. தன் சைக்கிளில் தனியாக வருவதாகச் சொல்லி முன்னாலேயே கிளம்பிவிட்டாள். மேரிசெல்வி ஒரு தூக்கு நிறைய புளிசாதமும், கிறிஸ்துமஸுக்குச் சுட்டதில் மீந்த கலகலா இனிப்பை ஒரு டப்பாவிலும் எடுத்துக்கொண்டு கணவரின் மொபெட்டில் ஏறினாள்.

நேரில் பார்க்கிற கிரிக்கெட் இருதயசாமிக்குப் பிடிபடவே இல்லை. ஆட்டக்காரர்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள். வர்ணனை கிடையாது. பந்து என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது. முதல் விக்கெட் விழுந்தபோது அவர் செருப்பைத் தேடிக் குனிந்திருந்தார். நிமிர்ந்து, மறுபடி காட்டுவார்கள் என்று கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். ஒருவரும் காட்டவில்லை.

"குச்சி பறந்துச்சுங்க, பாக்கல?" என்றாள் மேரிசெல்வி.

"பாத்தேன், பாத்தேன். இன்ஸ்விங்."

பதினொரு மணிக்கு வெயில் படிக்கட்டில் ஏறியது. மேரிசெல்வி நான்சியைக் கூட்டிக்கொண்டு எல்லைக் கோட்டை ஒட்டியிருந்த வேப்பமர நிழலுக்குப் போய்விட்டாள். இருதயசாமி படிக்கட்டிலேயே இருந்தார். பக்கத்தில் வடலூரிலிருந்து வந்த நாலைந்து பேர் அவருடைய விளக்கங்களை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட சபை கிடைத்தபின் நிழல் எதற்கு?

மரத்தடிக்கு நேர் எதிரே கோவாக்காரன் ஒருவன் ஃபீல்டிங் நின்றான். இருபத்திரண்டு வயதிருக்கும். கழுத்தில் சங்கிலி, அதில் குருசு. ஒவ்வொரு ஓவர் தொடங்கும்போதும் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான். இதைப் பார்த்ததும் மேரிசெல்விக்கு ஆட்டம் புரிந்துவிட்டது.

"நம்ம வேதக்காரப் புள்ளடி! சாப்ட்டானா கேளு."

"அம்மா, அவரு வெளையாடிக்கினு இருக்காரு."

"எங்க வெளையாடுறான்? காலைலேர்ந்து சும்மாதான நின்னுகினு இருக்கான். கேளு."

நான்சி கூச்சத்தோடு இங்கிலீஷில் கேட்டாள். அவன் திரும்பிப் பார்த்து, பேர் அக்னெலோ என்றும், பண்டிகை முடிந்ததும் வீட்டைவிட்டுக் கிளம்பியதாகவும், இங்கே மூன்று நாளாக மூன்று வேளையும் இட்லி என்றும் சொன்னான். இட்லி என்று சொல்லும்போது அவன் முகம் போன போக்கை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

மேரிசெல்வி டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

அவன் கண் விரிந்தது. "குல்குல்!" என்று கத்தினான். அவன் அம்மாவும் கிறிஸ்துமஸுக்கு இதையேதான் சுடுவாளாம், இதே சுருள், இதே சர்க்கரை. அடுத்த ஓவர் முழுக்க அவன் பந்துவீச்சாளருக்கு ஒரு கண்ணும் டப்பாவுக்கு ஒரு கண்ணுமாக நின்றான். இடையிடையே பின்னால் நகர்ந்து வருவதும், ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஓடுவதுமாக இருந்தான்.

"மெதுவா தின்னு சாமி, தொண்டைல சிக்கிக்கப் போவுது," என்று மேரிசெல்வி தமிழிலேயே சொன்னாள். அவனும் தலையாட்டினான்.

அந்த நேரத்தில்தான் தமிழ்நாட்டுத் தொடக்க ஆட்டக்காரர் தொண்ணூற்றாறைத் தொட்டார். ஸ்டேடியமே எழுந்து நின்றது. நூறை சிக்ஸர் அடித்தே எட்டுவதென்று அவர் முடிவு செய்திருக்க வேண்டும். இறங்கி வந்து தூக்கி அடித்தார். பந்து வேப்பமரத்தை நோக்கி உயர்ந்து வந்தது.

அக்னெலோவின் இரண்டு கன்னமும் உப்பியிருந்தன.

"டேய், பந்துடா!" என்று மேரிசெல்வி அலறினாள்.

அவன் திரும்பினான், நாலெட்டு ஓடினான், குப்புறப் பாய்ந்தான். எழுந்தபோது பந்து கையில் இருந்தது, கலகலா வாயில் இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு, கோவா அணி முழுக்க தன்னை நோக்கி ஓடிவர, அவன் மரத்தடியைப் பார்த்து பந்தை உயர்த்திக் காட்டினான். மேரிசெல்வி மெய்மறந்து கைதட்டினாள். அத்தனை பெரிய ஸ்டேடியத்தில் அந்த ஒரு ஜோடிக் கைதான் தட்டியது.

படிக்கட்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு சார் அந்தம்மா? எதிராளிக்கு சோறு ஊட்டி கேட்ச் புடிக்க வைக்குது!" என்றார் வடலூர்க்காரர்களில் ஒருவர்.

இருதயசாமி பார்வையை மைதானத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். "தெரியலீங்க," என்றார்.

"பந்து வருதுன்னு வேற சொல்லிக் குடுத்துச்சு சார்!"

"வடக்குத்து கிராமத்துப் பக்கத்து ஆளுங்க போல. வெவரம் பத்தாது," என்று தேவையில்லாமல் சேர்த்துக்கொண்டார்.

"அப்பா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அப்பாவிடம் இருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிப் போக வந்த நான்சி அங்கே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்பதை அவள் முகமே சொன்னது. வடலூர்க்காரர்கள் இருதயசாமியைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அவரிடம் ஒருவரும் எந்த விளக்கமும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஆட்டம் நின்றதும் இருதயசாமி மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மேரிசெல்வி நிற்காமல் நடந்தாள்.

"ஏறு மேரி."

"தெரியாத ஆம்பள வண்டில நான் எப்புடி ஏறுறது? நான் வடக்குத்துக்காரி. வெவரம் பத்தாது."

நான்சி சைக்கிளில் பறந்துவிட்டாள். அகலமான நகரியத்துச் சாலையில் மேரிசெல்வி காலித் தூக்கை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். இருதயசாமி இரண்டு காலையும் தரையில் உதைத்துக்கொண்டே மொபெட்டில் பின்னால் ஊர்ந்தார். "கூட்டத்துல அடிச்சிடுவானுங்கன்னு பயந்துட்டேன் மேரி... வாய் தவறிடுச்சு மேரி..." இரண்டு பிளாக் இப்படியே கடந்தது. ரவுண்டானாவில் செக்யூரிட்டி ஒருவர் லத்தியை நீட்டி வண்டியை மறித்தார்.

"யோவ், நானும் பாத்துகினே இருக்கேன், பொம்பள பின்னாடியே வர்ற. யாரும்மா இந்த ஆளு? தொல்லை குடுக்குறானா?"

மேரிசெல்வி நின்றாள். கணவரை உச்சி முதல் கால் வரை பார்த்தாள். யோசிக்கிற மாதிரி தலையைச் சாய்த்தாள். பத்து செகண்டுக்குள் இருதயசாமிக்கு அவளுடைய இருபது வருடச் சமையல் நினைவுக்கு வந்தது.

"எம்பொண்டாட்டிங்க!" என்று அவர் ரவுண்டானாவே திரும்பும்படி கத்தினார். "மேரிசெல்வி! எம்பொண்டாட்டிதாங்க!"

"அதான் சொல்லிட்டாரே," என்றாள் அவள் செக்யூரிட்டியிடம், ஏதோ பேர் கேட்டுப் பதிந்துகொண்ட மாதிரி. பிறகு புடவையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

குவார்ட்டர்ஸ் திருப்பத்தில் அவளே கேட்டாள்.

"நாளைக்கும் ஆட்டம் இருக்குதா?"

"இருக்கு. மொத்தம் நாலு நாளு."

"நாலு நாளா! கடசில யாரு ஜெயிப்பாங்க?"

"அனேகமா யாரும் ஜெயிக்க மாட்டாங்க."

"நாலு நாளு வெயில்ல நின்னுட்டு யாரும் ஜெயிக்க மாட்டாங்களா? ஏங்க, அவனுங்களுக்கு வேற வேலையே இல்லியா?"

வேறொரு நாளாக இருந்தால் இருதயசாமி வண்டியை ஓரம் கட்டி, முதல் இன்னிங்ஸ் முன்னிலை, பாயிண்ட் கணக்கு என்று அரை மணி நேரம் விளக்கியிருப்பார்.

"இல்ல போலருக்கு மேரி," என்றார்.