ஏரிக்குள் இருந்த அம்மா

முன்னோர் கல்லறைகளைக் கூட்டிப் படையல் வைக்கும் சிங்மிங் அன்று காலை ஏரி முழுக்கப் பனிமூட்டம். தண்ணீர் எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. யூஜுவான் படகின் முனையில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாசிபத்திரிச் சாறு விட்டுப் பிசைந்த பச்சைக் கொழுக்கட்டை, அரிசி மது, கல்லறைக்கு வைக்கும் வெள்ளைக் காகிதங்கள் எல்லாம் அதில் இருந்தன.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா இறந்துபோனாள். அணை கட்டியதும் பள்ளத்தாக்கு நிரம்பியது. மேட்டுக்குக் கொண்டுபோக ஆளில்லாத கல்லறைகள், அம்மாவுடையதும் சேர்த்து, அடியிலேயே தங்கிவிட்டன. அதனால் ஆண்டுதோறும் அண்ணன் தெஷெங் நடு ஏரியில் படகை நிறுத்துவார். அவள் கொழுக்கட்டையைத் தண்ணீரில் விடுவாள். அது மெல்ல இறங்கி, பச்சை நிறம் மங்கி மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அம்மாவின் முகம் அவளுக்கு அந்தப் பச்சையாகத்தான் இருந்தது.

போன இலையுதிர் காலத்திலிருந்தே மழையில்லாமல் இந்த ஆண்டு ஏரி வற்றியிருந்தது. அண்ணன் இயந்திரத்தை நிறுத்தியதும் படகு தன்போக்கில் மிதந்துபோய் எதிலோ மெத்தென்று முட்டியது. பனிக்குள்ளிருந்து ஒரு சேற்றுச் சரிவு எழுந்து வந்தது. படிப்படியாய் வயல்வரப்புகள், ஒரு பெரிய மரத்தின் அடிக்கட்டை, அதன் இரு பக்கமும் சிப்பி அப்பிய இரண்டு கல்லறைக் கற்கள். எழுத்துகளைத் தண்ணீர் தின்றிருந்தது.

"எதுண்ணே அம்மா?"

"கற்பூர மரத்துக்குப் பக்கத்துலதான். எந்தப் பக்கம்னு ஞாபகமில்லம்மா." தெஷெங் கரையிலேயே நின்றுவிட்டார்.

கற்களுக்கு அருகே ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு மனிதர் குந்தியிருந்தார். பெயர் ஃபாங், அக்கரையிலிருந்து அப்பாவைத் தேடி வந்தவர். அவரிடமும் அதே குழப்பம்.

"விடிஞ்சதுலேருந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். எங்கப்பா கோவக்காரர். அவர் மதுவை அடுத்தவங்களுக்கு ஊத்திட்டா என்னைச் சும்மா விடமாட்டார்."

"எங்கம்மாவுக்குப் பக்கத்துல இத்தனை வருஷம் படுத்திருக்கார். கோவமெல்லாம் தணிஞ்சிருக்கும்," என்றாள் யூஜுவான்.

ஃபாங் சிரித்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் யாரையும் கேட்கவில்லை. கரையோரக் குச்சிகளைத் துடைப்பமாகச் சேர்த்துக் கட்டி, முதல் கல்லைச் சுற்றிக் கூட்டத் தொடங்கினாள். சிப்பிகளை நகத்தால் பெயர்த்தாள். சால்வையில் ஈரமண் அள்ளி வந்து கல்லறை மேட்டின்மீது கொட்டினாள். காகிதத்தை வைத்து அது பறக்காமல் ஒரு கல்லை ஏற்றினாள். பின் மரக்கட்டையைச் சுற்றிப்போய் இரண்டாவதற்கும் அப்படியே செய்தாள். அண்ணனும் ஃபாங்கும் சிறிது நேரத்தில் வந்து மண் சுமந்தார்கள்.

மூவருமாக இரண்டு கற்களுக்கும் மண்டியிட்டு வணங்கினார்கள். மது இரண்டுக்கும் பாதிப் பாதி. யூஜுவான் ஒரு கல்லில் கன்னத்தை வைத்தாள், பிறகு மற்றதில். இரண்டும் குளிர்ந்திருந்தன. உள்ளே இன்னும் தண்ணீர் அசைவது போலிருந்தது. "வந்துட்டேம்மா," என்றாள். அம்மா என்று அவள் வாய்விட்டு அழைத்தது அதுதான் முதல் தடவை.

மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஏரி ஏறி, அவர்கள் கொட்டிய புதுமண்ணையும் எடுத்துக்கொண்டது. அடுத்த சிங்மிங்கில் மூவரும் ஒரே படகில் போனார்கள்.