மெகராஜ் பேகம் செய்த லாரிச் சத்தம்

மெகராஜ் பேகத்துக்கு ஒரு பழைய சினிமாப் பாட்டின் ஆரம்பம் மட்டும் போதும். பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சிந்தசைசர் சத்தம் வரும். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, குழைந்து மேலேறி, உச்சியில் போய் நிற்கும். பாடகர் ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து வைப்பாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறவள் அவள். இருபது வருஷம் இப்படிக் கேட்ட பிறகு, அந்தச் சத்தத்தைத் தானே செய்தால் என்ன என்று தோன்றியது.

மகள் சப்ரீன் கல்யாணமாகிப் போனபோது விட்டுப்போன லேப்டாப் இருந்தது. இலவசமாகக் கிடைத்த சிந்தசைசர் சாஃப்ட்வேர் ஒன்றை அதில் இறக்கினாள். திரை முழுக்கத் திருகுகிற குமிழ்கள். யூடியூபில் ஒருவர் ஹிந்தியில் விளக்கினார். மெகராஜுக்கு ஹிந்தி தெரியாது. அவருடைய அம்புக்குறி போன பக்கமெல்லாம் தன்னுடையதையும் கொண்டுபோனாள்.

முதல் நாள் கொசு வந்தது. மூன்றாம் நாள் மிக்சி. ஐந்தாம் நாள் 'உஸ்'ஸென்று வந்த சத்தத்தைக் கேட்டு, ராஜபாளையத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் கணவர் அப்துல் ரவூப், சோற்றுத் தட்டோடு எழுந்து அடுப்படிக்குப் போய் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

ஒன்பதாம் நாள் காலை, ஃபில்டர் குமிழைப் பாதிக்கு இறக்கி, சுருதி மெல்ல ஏறும்படி வைத்து அழுத்தினாள். கிட்டத்தட்ட அதே சத்தம்! சந்தோஷத்தில் ஸ்பீக்கரை ஜன்னலில் வைத்து ஆறு தடவை அடித்தாள்.

வெளியே எட்டிப் பார்த்தால் தெருவே குடங்களோடு நின்றது.

தவசிமுத்துவின் தண்ணீர் லாரிக்கு ஏர் ஹாரன். செண்பகத்தோப்பு ரோட்டில் போர்வெல்லில் நிரப்பிக்கொண்டு எந்நேரம் வருவான் என்று அவனுக்கே தெரியாது. ஹாரன் கேட்டதும் ஓடிவந்தால்தான் தண்ணீர்.

"அடுத்த தெருவுல நிக்கான், ஓடுங்கட்டி!" என்று எதிர்வீட்டுப் பிச்சையம்மாள் கத்த, இருபது பேர் மூலை திரும்பி ஓடினார்கள்.

மெகராஜ் பின்னாலேயே ஓடி மறித்தாள். "லாரி வரலக்கா. அது நான் பண்ணுன சத்தம்."

"லாரிச் சத்தம் எனக்குத் தெரியாதா? நீ என்னட்டி, லாரியா?"

வீட்டுக்குக் கூட்டிவந்து போட்டுக் காட்டினாள். லேப்டாப்பைப் பார்த்தபடியே கேட்ட பிச்சையம்மாள், சத்தம் ஏறியதும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். "தெரிஞ்சும் கால் நிக்க மாட்டேங்குதே," என்றாள் வருத்தமாக.

விஷயம் தெருவெல்லாம் பரவியது. மறுநாள் நிஜ லாரி வந்து ஹாரன் அடித்தபோது ஒருவரும் வெளியே வரவில்லை. "மெகராஜக்கா, போதும், காது வலிக்கு!" என்று ஒரு மாடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. தவசிமுத்து நிறைந்த டேங்கோடு திரும்பிப் போனான். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் லாரியை மெகராஜின் வாசலிலேயே நிறுத்தி இறங்கினான்.

"அக்கா, என் ஹாரனை நீங்க வச்சிருக்கீங்களாமே?"

"அது பாட்டுல வர்ற சத்தம், தம்பி."

"என் ஹாரன் பாட்டுல வருதா?" அவன் கோபம் பாதி இறங்கிவிட்டது.

இரண்டையும் ஒத்துப் பார்த்துவிடலாம் என்று தெரு கூடிவிட்டது. பிச்சையம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். முதலில் லாரி, பிறகு லேப்டாப்.

"ரெண்டாவது வந்ததுதான் லாரி," என்றாள் அவள் யோசிக்காமல். "மொதல்ல வந்தது மெகராஜு பண்ணுனது."

தவசிமுத்துவின் முகம் தொங்கிப்போனது. "நல்லாக் கேளுங்கம்மா. என்னுது உச்சிக்கு ஏறுனதும் நடுங்கும். காத்து லீக்கு. இவிய சத்தம் கட்டை மாதிரி நிக்கி."

மெகராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டிலும் அது நடுங்கத்தான் செய்கிறது. இத்தனை வருஷம் கேட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை!

"தம்பி, இன்னொருக்க அடிங்க. விடாம அடிங்க."

அவன் அடித்தான். காதைப் பொத்திக்கொண்டு ஜனம் நிற்க, அவள் செல்போனில் நேரம் பார்த்து எண்ணினாள். விநாடிக்கு ஐந்து நடுக்கம். கடைசியில் காற்று முழுவதும் தீர்ந்து ஹாரன் அடங்கியது. காற்று இல்லாததால் பிரேக்கும் இறுகிக்கொண்டது. லாரி நகரவில்லை. ஏறுகிற காற்றும் லீக்கில் போய்க்கொண்டே இருந்ததால், மறுபடி நிறைய ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் தெருவில் எல்லோரும் அண்டா முதல் டம்ளர் வரை நிரப்பிவிட்டார்கள். இனிமேல் ஹாரனோடு 'தண்ணி' என்று வாயாலும் கத்துவதாகத் தவசிமுத்து ஒப்புக்கொண்டான். அதை மெகராஜால் செய்ய முடியாது என்று தெரு நம்பியது.

அவள் மதியம் முழுக்க, அதுவரை தொடாத குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தாள். எல்.எஃப்.ஓ. என்று போட்டிருந்ததைத் திருகியதும் சத்தம் நடுங்கியது. ஐந்தில் நிறுத்தினாள். கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் அப்துல் ரவூப் வந்ததும் போட்டுக் காட்டினாள்.

"அச்சு அசல் பாட்டுல வர்ற மாதிரியே இருக்கு," என்றார். கொஞ்சம் யோசித்து, "அப்பப் பாட்டையே போட்டிருக்கலாமேட்டி?"

"அது அவிய வாசிச்சது. இது நான் பண்ணுனது."

அவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, பெயிண்ட் காய்ந்த விரலால் ஒரு விசையை அழுத்தினார். சத்தம் ஏறியது, உச்சியில் நின்று நடுங்கியது. அவர் விரலை எடுக்கவில்லை.

"எடுங்க, போதும்," என்றாள் மெகராஜ்.

"செத்த இரு," என்றார்.